மூன்று சில்லுக்கு வெள்ளை

எங்கள் பக்கத்தில், வெளிக்கிட்டுப் போகிற ஆளை "எங்கே போகிறீர்கள்" என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பார்கள். கேட்டே ஆகவேண்டுமென்றால் "தூரவோ?" என்று கேட்கலாம். அவர் "ஓம், கொஞ்சம் தூரம்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும். எல்லாரும் பாதி நம்பிக்கையும் பாதிப் பழக்கமுமாக வைத்திருந்த இந்த வழக்கத்தை, அடுத்த வளவு வாடகைக் கார்க்காரர் ஒருவர்தான் சட்டம்போல வைத்திருந்தார். யாராவது வாய்தவறி "எங்கை அண்ணை?" என்று கேட்டுவிட்டால் ஓடத் தொடங்கிய காரை அப்படியே நிறுத்துவார். இறங்கி, வீட்டுக்குள் போய், ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுக் கதிரையில் இருப்பார். காருக்குள் மாப்பிள்ளையே இருந்தாலும் சரி, அவர் மனம் ஆறி எழும்பி வரும்வரை தலைப்பாகையோடு வேர்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

எங்கள் ஒழுங்கை திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியிலிருந்து பிரிகிறது. நான் தம்பலகாமத்திலிருந்து கலியாணம் செய்து அங்கே வந்த புதிது. என் கணவர் நேவியின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் பிட்டர். கார்க்காரருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். தனியாள். மனைவி இலங்கைத்துறையில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னார்கள். ஏன் வரவில்லை என்று கேட்டால் அதற்கும் "தூரம்" என்பார். அது வழியைச் சொன்னதா, காரணத்தைச் சொன்னதா என்று ஒருவருக்கும் விளங்கியதில்லை.

அந்த மனிதர் ஒருவரையும் நம்பமாட்டார். காரை நிறுத்தினால் எஞ்சினுக்குள் கைவிட்டு ஏதோ ஒரு சாமானைக் கழற்றி மடியில் கட்டிக்கொள்வார். பெற்றோல் மூடிக்கு ஒரு பூட்டு, கார்க் கொட்டிலுக்கு ஒரு பூட்டு. டயருக்கு ஒட்டுப்போடக் கொடுத்தால், ஒட்டுகிறவனுக்கு முன்னால் குந்தியிருந்து கண்வெட்டாமல் அவன் கையையே பார்ப்பார். அவன் ஒருமுறை கோபித்து டியூப்பைத் தூக்கி எறிந்திருக்கிறான். கலியாணவீட்டுக்குக் காரோடு போனாலும் பந்திக்குப் போகமாட்டார். இலையைக் கொண்டுவரச் சொல்லிக் காரின் மிதிபலகையில் இருந்து சாப்பிடுவார். ஒருவரையும் தனக்கு நேர் பின்னால் இருக்கவிடமாட்டார். முதுகுப் பக்கம் ஆள் இருந்தால் தனக்கு ஸ்டியரிங்கைத் திருப்ப வராதாம்.

"தெரியாத ஆளை நம்பினாலும் நம்பலாம், தங்கச்சி. தெரிஞ்ச ஆளைத்தான் பாத்துக்கொள்ள வேணும்" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார். நான் அவருக்குத் தெரிந்த ஆள். சொன்னதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வந்த வருடத் தீபாவளிக்கு ஒரு கோப்பையில் பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் படியில் வைத்துவிட்டு, "நீங்களும் ஒண்டு எடுங்கோ" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்றேன். விடவில்லை. நான் ஒரு பயற்றம் பணியாரத்தைக் கடித்து, மென்று, விழுங்கும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகுதான் தான் ஒன்றை எடுத்தார். எனக்கு உச்சந்தலை எரிந்தது. அடுத்தநாள் கோப்பை திரும்பி வந்தபோது வெறுமனே வரவில்லை; இரண்டு பாரைக் கருவாடு இருந்தது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மேலும் கீழும் மணந்து பார்த்த பிறகுதான் சட்டியில் போட்டேன்.

பிறகு இரண்டாவது உலக யுத்தம் வந்தது. வரவர ஊர் முழுக்க அவரைப்போல ஆகத் தொடங்கியது. கடற்கரையில் வள்ளம் தள்ளுகிறவனைப் பொலிஸ் சந்தேகித்தது. பொலிசை நேவி சந்தேகித்தது. சந்தையில் புதிதாய் ஒரு ஆள் வெற்றிலை விற்றால் அவன் எந்த நாட்டு உளவாளி என்று கதைத்தார்கள். ஆகாயத்திலிருந்து தெரியுமென்று வெளிச்சத்தை அணைக்கச் சொன்னார்கள். வெளுத்த வேட்டியைக் கொடியில் போடவேண்டாம் என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் வீட்டுச் சுவருக்குப் போன வருடம் அடித்த சுண்ணாம்பின்மேல் என் கையாலேயே சேறு அப்பினேன்.

டயர் கிடைக்கவில்லை. இந்த நாட்டில் மலைமலையாக இறப்பர் மரம் நிற்கிறது. டயர் மட்டும் கண்ணில் படவில்லை. எல்லாம் படைக்குப் போயிற்று. கார் வைத்திருந்தவர்கள் காரைக் கல்லின்மேல் ஏற்றிவிட்டுச் சைக்கிளில் திரிந்தார்கள். எங்கள் கார்க்காரரின் கறுப்புக் காரைப் படைக்கு எடுக்க நேவிக்காரன் ஒருவன் வந்தான். சுற்றிப் பார்த்தான், கதவை ஒருதரம் அடித்துச் சாத்தினான், சிரித்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு பழசு. நாலு டயரும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. ஆனால் பின்னால் மேலதிகமாக ஒரு சில்லு கட்டியிருந்தார். அதில் இருந்தது மண்ணைத் தொடாத புது டயர். அதற்குச் சாக்கால் உறை தைத்துப் போட்டிருந்தார். காலையில் எழும்பியதும் சாமி கும்பிடுகிறாரோ இல்லையோ, அந்தச் சாக்கை ஒருதரம் தட்டிப் பார்ப்பார்.

இந்த நேரத்தில்தான் ஒருநாள் காலை அந்தக் கார் வெள்ளை வளையம் போட்ட டயரோடு ஒழுங்கைக்கு வந்தது.

அப்படியான டயரை நாங்கள் முன்பு ஒரேயொருமுறை கண்டிருக்கிறோம். யுத்தத்துக்கு முன் ஒரு தோட்டத்துத் துரையின் கார் வாடிவீட்டுக்கு வந்தபோது ஒழுங்கையே போய்ப் பார்த்தது. கறுப்பு டயரின் பக்கவாட்டில், தேங்காய்ச் சொட்டு நிறத்தில் அகலமான வளையம். இப்போது அதே வளையம் நாலு சில்லிலும். சாக்கு உறை பழையபடி பின்னால் இருந்தது. கார்க்காரர் ஒன்றும் நடக்காதவர் போலத் தன் வளவுக்குள் காரை விட்டுவிட்டு, ஒரு டப்பாவும் தூரிகையுமாகக் குந்தியிருந்து வளையத்தைத் துடைத்துத் துடைத்துப் பூசினார். பிறகு தினமும் பின்னேரம் அதுவே வேலையாயிற்று.

ஒழுங்கை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முனையில் கடை வைத்திருந்த கிண்ணியா நானா, அது விமானத்துக்குக் காட்டுகிற அடையாளம் என்றார். நாலு வெள்ளை வட்டம் போகிற பாதையை மேலேயிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வழி தெரியுமாம். எங்கே போகிறேன் என்று ஒருநாளும் சொல்லாத மனிதன் வேறு எங்கே போவான் என்று நானா கேட்டபோது, அதுவரை அந்த வழக்கத்தைப் பிழையென்று நினைக்காதவர்கள்கூடத் தலையாட்டினார்கள். மற்றக் கட்சி என்னுடையது. அது நேவியிலிருந்து களவாய் வந்த டயர், பக்கத்தில் குத்தியிருக்கிற அரசாங்க முத்திரையை மறைக்கத்தான் வெள்ளை என்பது என் கணக்கு.

நான் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வெள்ளை வந்த அந்தக் கிழமையில், வேலையால் வந்த என் கணவரின் கையில் டர்பன்டைன் மணத்தது. அவர் இரும்பு அராவுகிற பிட்டர். பெயின்ட் அடிக்கிறவர் அல்ல. டொக்யாட்டின் களஞ்சியத்துக்குள் போய்வர அவருக்கு அனுமதி உண்டு. அங்கே டயர் அடுக்கியிருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டையும் கூட்டிப் பார்த்தேன். யுத்த நேரத்தில் நேவிச் சாமான் எடுத்தவனைச் சிறையில் போடுவார்கள், மறியல்தான். எனக்கு அப்போது ஏழாம் மாதம். பிள்ளை பிறக்கும்போது தகப்பன் மறியலில் இருப்பானோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

யாரோ சொல்லி ஒரு பொலிஸ் சார்ஜன் வந்தான். வந்த நேரம் கார்க்காரர் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சார்ஜன் காரை மறித்துக் கேட்ட முதற் கேள்வி, "எங்கை போறாய்?" கார்க்காரர் எஞ்சினை நிறுத்தினார், இறங்கினார், உள்ளே போனார். தண்ணீர் குடித்தார். கதிரையில் இருந்தார். சார்ஜன் வாசலில் நின்று சத்தம் போட்டான். அவன் மேற்குப் பக்க ஊர்க்காரன், அவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. ஆள் ஓடி ஒளிக்கிறான் என்றே நினைத்தான். கோபத்தில் டயரைத் தானே பார்ப்பதாகக் குனிந்து விரலால் தேய்த்தான். நிமிர்ந்தபோது கை முழுக்க வெள்ளை. காக்கிக் காற்சட்டையில் துடைத்தான், அங்கேயும் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குள்ளிருந்து கார்க்காரர் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதும் களவு போயிருக்கிறதா, ஆரும் சாமான் கொண்டுவந்து தந்தார்களா என்று சார்ஜன் கேட்டதற்கெல்லாம் இல்லை என்ற ஒரு சொல்தான். ஆளைப் பிடித்துப்போக ஒரு காரணமும் அகப்படாமல், பின்பக்கம் வெள்ளையோடு சார்ஜன் போனான்.

என்னால் அதற்குமேல் பொறுக்க ஏலவில்லை. ஒரு மத்தியானம், ஒழுங்கை அயர்ந்து கிடந்த நேரம், வேலியில் பிரிந்து கிடந்த பொட்டுக்குள்ளால் புகுந்து போய்க் காரின் பக்கத்தில் குந்தினேன். வயிற்றோடு குந்துவது லேசில்லை. வளையத்தை நகத்தால் கீறினேன். முத்திரையைக் காணவில்லை. இன்னொரு சில்லுக்குப் போய்க் கீறினேன். அங்கேயும் இல்லை. வெள்ளைக்குக் கீழே வெடித்துக் கிடந்தது பழைய டயர்.

"என்ன தங்கச்சி, இலக்கம் வாசிக்கக்கூடியதாய் இருக்கோ?"

காருக்குள் பின் இருக்கையில் அவர் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தார். நான் எழும்பிக் கையைச் சேலைத்தலைப்புக்குள் மறைத்தேன். அவர் இறங்கி வந்தார். கோபிக்கவில்லை. காரின் பின்பக்கம் போய்ச் சாக்கு உறையின் கட்டை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே வட்டமாகச் சுற்றிய தும்புக்கயிறு இருந்தது.

"புது டயர் சில்லோடை களவு போயிட்டுது. ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்ப நீங்கள் அறிஞ்சிட்டீங்கள்" என்றார்.

பொலிசிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பொலிசை நம்ப ஏலாது என்றார். பிறகு, எனக்குப் பாடம் சொல்லித்தருகிறவர் போல இல்லை, தனக்குத் தானே கணக்குப் பார்க்கிறவர் போலச் சொன்னார். ஒற்றை டயரை ஒருவரும் வாங்கமாட்டார்கள், சோடியாகத்தான் கேட்பார்கள். எடுத்த ஆள் இன்னொன்றுக்குத் திரும்ப வரவேண்டும். அதற்குத்தான் வெள்ளை. வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்டில் காயாதபடி வேப்பெண்ணெய் கலந்திருக்கிறார். கடை நானாவின் விரலில் இருக்கிறதாம். தபாற்கந்தோர்க்காரர் வீட்டு அம்மாவின் கையிலும் இருக்கிறதாம்.

"பாக்க வந்த ஆக்கள் கையை ஒளிப்பினம், இப்ப நீங்கள் ஒளிக்கிற மாதிரி. எடுக்க வந்த ஆள் கையைக் கழுவும். சவுக்காரத்துக்கு இது போகாது. டர்பன்டைன் வேணும்."

கட்டை மறுபடி கட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், "இந்த ஒழுங்கையிலை டர்பன்டைன் ஆரிட்டை இருக்கு, தங்கச்சி?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். வேலிப் பொட்டுக்குள்ளால் எப்படித் திரும்பி வந்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று பின்னேரம் என் கணவர் வந்ததும் கையைப் பிடித்து மணந்து பார்த்தேன். என்ன மணம் என்று கேட்டேன். வேலைத்தலத்து மணம் என்றார். சாப்பிடும்போது தலையை நிமிர்த்தவில்லை. நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் ஓமென்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அவரின் ஒவ்வொரு அசைவும் எனக்கு வேறாகத் தெரிந்தது. குண்டு விழுந்தால் ஒளிப்பதற்கென்று வளவின் மூலையில் ஒரு குழி வெட்டியிருந்தார். முன்பெல்லாம் அதில் இறங்கி ஏறிப் பழகு என்று என்னை ஆக்கினைப்படுத்துகிறவர், இப்போது அந்தப் பக்கம் போகாதே, உள்ளே புடையன் கிடக்கிறது என்றார். அடிக்கவேண்டியதுதானே என்றேன். சித்திரை வருடப்பிறப்பு வருகிற நேரத்தில் பாம்பை அடிக்கக்கூடாது என்றார். அப்படி ஒரு வழக்கத்தை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்த வருடப்பிறப்புக்கு முந்திய கிழமைதான் விமானங்கள் வந்தன. கொழும்பில் குண்டு விழுந்த செய்தி அதற்குச் சில நாள் முன்னர் வந்திருந்தது. காலை நேரம், என் கணவர் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றார். அபாயச் சங்கு ஊதியது. துறைமுகப் பக்கமிருந்து பீரங்கிகள் வெடிக்கத் தொடங்கின. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழியை நோக்கி ஓடினேன். பின்னால் "பாம்பு, பாம்பு" என்று கத்திக்கொண்டு வந்தார். பாம்பு கடித்தால் கடிக்கட்டும் என்று குழியை மூடியிருந்த தென்னோலைக் கிடுகை இழுத்து எறிந்துவிட்டு இறங்கினேன். என் கால் மண்ணில் படவில்லை. இறப்பரில் பட்டது.

என்னைக் காப்பாற்ற வெட்டிய குழியில் எனக்கு இடமில்லை, டயர் படுத்திருந்தது. அதன்மேல் குந்திக்கொண்டு, குண்டுச் சத்தத்துக்கு நடுவே, "இதுவோ பாம்பு?" என்று கேட்டேன்.

அவர் குழி விளிம்பில் முழங்காலில் இருந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். "லொறிக்காரன் கேட்டவன். குண்டு விழுந்தா உன்னைத் தம்பலகாமத்திலை கொண்டுபோய் விடுறனெண்டு சொன்னவன். ரண்டு டயருக்கு. மற்றது எடுக்க ஏலாமல் போச்சுது" என்றார்.

"பக்கத்து வளவிலை கார் நிக்குதெல்லோ. கேட்டா என்ன?"

"அந்த மனுசன் ஆரை நம்பி ஏத்தும்?"

ஒருவரையும் நம்பாத மனிதர் என்று அவரை ஊருக்குக் கதை கதையாகச் சொன்னதே நான்தான். கோபம் எனக்குத் தலைக்குமேல் ஏறியது. அதே நேரம், எனக்காகத் திருடியிருக்கிறாரே என்று நெஞ்சுக்குள் ஒன்று கரைந்தது. அது கரைந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சத்தம் ஓய்ந்தபோது சீனன்குடாப் பக்கம் கறுப்புப் புகை வானத்தில் பாதியை மூடியிருந்தது. ஒழுங்கையில் ஆட்கள் மூட்டை முடிச்சோடு ஓடினார்கள். லொறி வரவில்லை. எங்கள் படலைக்கு முன்னால் கார் வந்து நின்றது. கார்க்காரர் எஞ்சினை நிறுத்தாமல் எட்டிக் கதவைத் திறந்தார்.

"தங்கச்சி பின்னுக்கு ஏறுங்கோ. தம்பி, நீங்கள் முன்னுக்கு வாங்கோ."

நான் ஏறினேன். என் கணவர் படலையைச் சாத்தத் திரும்பினார்.

"அந்த டயரையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, தம்பி" என்றார் கார்க்காரர். தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்பதுபோலச் சொன்னார்.

என் கணவர் பாதி சாத்திய படலையை விட்டார். வளவுக்குள் போய், சில்லை உருட்டிக்கொண்டு வந்தார். முன் இருக்கையில் அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பின்னாலிருந்து பார்த்த எனக்கு அவருடைய தலைமயிர் மட்டும் தெரிந்தது.

கண்டி வீதிக்குத் திரும்புவார், தம்பலகாமம் போவோம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம்தான் புகை. அவர் வடக்கே திருப்பினார். எனக்கு வாய்வரைக்கும் வந்த கேள்வியைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். இந்த நேரத்தில் இவர் எஞ்சினை நிறுத்திவிட்டால் குடிக்க வழியில் தண்ணீரும் இல்லை, இருக்கக் கதிரையும் இல்லை.

"தூரவோ, அண்ணை?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. கொஞ்சம் தூரம்."

அவர் கொண்டுபோனது சல்லி என்ற கடற்கரை ஊருக்கு. நடந்துகூடப் போகலாம். ஆனால் அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள்ளேயே, மணல் ஏறிய ஒரு வளைவில், முன்சில்லு வெடித்தது. என் கணவர் சொல்லாமலே இறங்கினார், சில்லைக் கழற்றினார், மடியில் வைத்திருந்ததை மாட்டினார். கார்க்காரர் உதவிக்குப் போகவில்லை. மிதிபலகையில் குந்தியிருந்து, ஒட்டுப்போடுகிறவனைப் பார்ப்பதுபோலக் கண்வெட்டாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆணியை இறுக்கி முடிந்ததும் தானே ஒருதரம் கையால் முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். ஒரு சொல் ஏசியிருந்தாலும் என் கணவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஏசவில்லை.

சல்லியில், முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், வலை வைக்கிற ஒரு குடும்பம் எங்களுக்கு இடம் கொடுத்தது. என் மூத்தவள் அங்கேதான் பிறந்தாள்.

நாங்கள் ஒழுங்கைக்குத் திரும்பி வந்தபோதும் அந்தக் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது, மூன்று சில்லு வெள்ளையும் ஒன்று கறுப்புமாக. களவு பிடிக்கிற வேலை முடிந்த பிறகும் மூன்றுக்கும் பின்னேரத்தில் வெள்ளை பூசிக்கொண்டிருந்தார். இனி இது என்ன அடையாளம் என்று கடை நானா புதிதாய் ஒரு கணக்குத் தொடங்கினார். கார்க்காரர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. என் கணவர் காலையில் வேலைக்குப் போகும்போது அந்த வளவைத் தாண்டும்வரை முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டு நடப்பார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், அந்தச் சில்லுக்கும் பூசிவிட்டால் என்ன என்று கேட்டேன்.

"வெள்ளை முடிஞ்சுது, தங்கச்சி" என்றார்.

டப்பா அவர் காலடியில் திறந்து கிடந்தது. பாதிக்குமேல் இருந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். பிள்ளையின் கன்னத்தைத் தொடக் கை நீட்டியவர், விரலில் பெயின்ட் இருப்பதைக் கண்டு கையை இழுத்துக்கொண்டார். யுத்தம் முடிந்து, டயர் கடையில் கிடைக்கத் தொடங்கி, காரை ஒருவன் பழைய இரும்புக்கு இழுத்துக்கொண்டு போனபோதும் அந்தச் சில்லு கறுப்பாகவே போயிற்று.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வழக்கம், நான் குழிக்குள் டயரைக் கண்ட அன்றோடு நின்றுபோனது. என் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு படலையடிக்குப் போனால் நான் குசினிக்குள் இருந்தபடியே, ஊர் கேட்க, "எங்கை போறீங்கள்?" என்று கேட்பேன். அவர் கோபிப்பதில்லை. நின்று, திரும்பி வந்து, எங்கே, ஆரோடு, எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வேலிக்கு அப்பால் கார்க்காரர் கேட்டுக்கொண்டு நிற்பார். அந்தக் கேள்விக்காக மாப்பிள்ளைகளையே வெயிலில் இருத்திய மனிதர், நான் கேட்பது பிழையென்று ஒருநாளும் சொன்னதில்லை.